மூன்றரை மணித் தண்ணீர்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஆறு குடித்தனம், ஒரு கிணறு, ஒரு அடி பம்பு. கிணற்றுத் தண்ணீர் மஞ்சள். அதில் துவைத்த பள்ளிக்கூடச் சட்டை மூன்று மாதத்தில் டீ கலருக்கு வந்துவிடும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அது. குடிக்கவும் சமைக்கவும் கார்ப்பரேஷன் தண்ணீர். அது அடி பம்பில் விடிகாலை மூன்றரைக்கு வரும். சில நாள் நாலாகும். 1987 கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் வீட்டில் அலாரம் கடிகாரம் கிடையாது, ஆயா இருந்தார். பம்புக்குப் பக்கத்தில் இருந்த போர்ஷன் எங்களுடையது. நிலைப்படியில் தலை வைத்துத்தான் ஆயா படுப்பார். பைப்புக்குள் காற்று நகரும் சத்தம் அவருக்கு மட்டும் எப்படியோ கேட்கும். எழுந்து உட்கார்ந்து, "வருது" என்பார். கத்த மாட்டார், சொல்வார், அவ்வளவுதான். அதற்கே ஆறு போர்ஷனிலும் விளக்கு எரியும்.

பம்பு சும்மா அடித்தால் பிடிக்காது. மேல் வாயில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வேகமாக அடிக்க வேண்டும். முதலில் இருமும், அப்புறம் துப்பும், அப்புறம் கைப்பிடி திடீரென்று கனக்கும். "புடிச்சிக்கிச்சு!" அந்தக் கனம் இப்போதும் என் தோளில் இருக்கிறது. ஊற்றுவதற்கான சொம்பை முதல் நாள் ராத்திரியே நிரப்பி பம்படியில் வைத்துவிடுவார்கள். அதை யாரும் தொடக்கூடாது. விக்கலெடுத்துச் சாகக் கிடந்தாலும் அந்தச் சொம்பில் குடிக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

குடித்தனத்துக்கு எட்டுக் குடம், முறை வைத்து. எங்களுடையது பச்சை பிளாஸ்டிக் குடங்கள். அம்மா ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு நெயில் பாலிஷில் புள்ளி வைத்திருந்தார். அவர் நெயில் பாலிஷை வேறெதற்கும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. பக்கத்து போர்ஷன் டீச்சருடையது ஆரஞ்சு. பம்பின் வாயில் அப்பாவின் பழைய வேட்டித் துணியை நாலாய் மடித்துக் கட்டியிருக்கும். பிடித்து முடித்து அவிழ்த்தால் துரு, மண், சில நாள் நூல் போல நெளியும் சிவப்புப் புழு. துணியை உதறிவிட்டு, குடத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்போம். அருவருப்பெல்லாம் பின்னாளில் வந்தது.

அந்தப் பம்பின் உயிர் அதன் வாசரில் இருந்தது. தோல் வாசர், கிண்ணம் மாதிரி. தேய்ந்துவிட்டால் எத்தனை அடித்தாலும் பம்பு மூச்சுதான் வாங்கும். பிளம்பரைக் கூப்பிட்டால் காசு, அதுவும் அவர் வருவதற்குள் இரண்டு முறை தண்ணீர் வந்து போய்விடும். அப்பா ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தார். தோல் அவருக்குப் பழக்கம். கடையில் வாங்கிய புது வாசரை அப்படியே போடமாட்டார். ராத்திரி முழுக்க தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு, கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி அமுக்கிப் பதம் பார்ப்பார். காது மடல் மாதிரி ஆக வேண்டும் என்பார். காலையில் கழற்றிய நட்டுகளை என் உள்ளங்கையில் வரிசையாக வைத்து, "கீழ போட்ட, அவ்ளோதான்" என்று ஒரு பார்வை. ஆறு குடித்தனத்திலும் அப்பாவுக்கு இருந்த மரியாதை முழுக்க அந்த வாசரால் வந்தது. சம்பளத்தால் வந்திருக்க வாய்ப்பில்லை.

சரி, அந்தக் கோடைக்கு வருகிறேன். மே மாதம் வந்தவாசியிலிருந்து சித்தப்பா குடும்பம் நாலு பேர் வந்திருந்தார்கள். உறவுக்காரர்கள் வந்தால் மற்ற ஊர்களில் அரிசியைக் கணக்குப் போடுவார்கள், அம்மா குடத்தைக் கணக்குப் போடுவார். பிள்ளைகளுக்கு பீச்சைக் காட்ட வேண்டும் என்றார் சித்தப்பா. திரும்பி வந்தால் கால் கழுவ எத்தனை சொம்பு என்பதுதான் அம்மாவின் யோசனை.

அவர்கள் வந்த இரண்டாம் நாள் விடிகாலை நாலு குடம்தான் கிடைத்தது. ஐந்தாவதில் பம்பு காற்றடித்துவிட்டது. நாலாவது குடத்தை நான் தூக்கினேன். சித்தப்பா மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் இடுப்பில் வைக்காமல் தோளில் வைத்தேன். நிலைப்படியில் கால் தட்டியது. குடம் உடையவில்லை, பிளாஸ்டிக் ஆயிற்றே. உருண்டு போய், நின்று நிதானமாகக் காலியாகியது. சிவப்பு சிமென்ட் தரையில் தண்ணீர் பாய் விரித்த மாதிரி போனது.

அம்மா கையை ஓங்கினார். ஆயா தடுத்ததாக ஞாபகம் இல்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். கொடியிலிருந்த தன் பழைய சுங்கிடிப் புடவையை இழுத்துத் தரையில் போட்டார். அது குடிக்கும் வரை காத்திருந்தார். அப்புறம் பக்கெட்டுக்கு மேல் பிடித்துப் பிழிந்தார். மறுபடி போட்டார், மறுபடி பிழிந்தார். எழுபது வயதுக்காரி, இருட்டில், குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தார். அரை பக்கெட் தேறியது. அழுக்குத் தண்ணீர்தான். "கக்கூசுக்கு ஆவும்" என்றார். அடி வாங்கியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

ஏழு மணி வாக்கில் வாசலில் ஒரு ஆரஞ்சுக் குடம் நிரம்பி நின்றது. அதற்கு முதல் வாரம்தான் ஆயாவும் டீச்சரும் முறை தப்பி அடித்ததற்காக ஒருவர் பரம்பரையை ஒருவர் இழுத்துப் பேசியிருந்தார்கள். ஆயா குடத்தைத் தவலையில் கவிழ்த்துவிட்டு, உள்ளே கொஞ்சம் மாங்காய் ஊறுகாயைக் கிண்ணத்தில் வைத்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். இரண்டு பேரும் அதற்கப்புறமும் இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. பேச்சு வேறு, தண்ணீர் வேறு.

சாயங்காலம் லாரி வரும். வந்தால் தெருவே ஓடும். அதைப் பற்றித் தனியாக எழுதலாம், சண்டை மட்டுமே பத்துப் பதிவு வரும்.

அப்பா பேப்பரில் முதலில் படிப்பது ஏரி மட்டம். பூண்டி, சோழவரம், செங்குன்றம் என்று எங்கள் மார்க்கைப் படிக்கிற அதே குரலில் படிப்பார். கூடவே கிருஷ்ணா பேச்சு. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமாராவும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்து, மெட்ராசுக்குக் கால்வாயில் கிருஷ்ணா நீர் வரும் என்று. ஆயா அதை ஊரிலிருந்து வரவேண்டிய பேரன் மாதிரியே கேட்பார்: "கிருஷ்ணா எப்பதான்டா வருவான்?" அப்பா வருடா வருடம், "அடுத்த வருசம்மா" என்பார். கடைசியில் 1996-ல் வந்தது. ஊரும் மெட்ராஸ் என்ற பெயரை விட்டுச் சென்னையானது அந்த வருடம்தான். ஆயா இல்லை, அதற்கு இரண்டு வருடம் முன்னால் போய்விட்டார்.

ஒரு விஷயம் பெரியவனான பிறகுதான் தெரிந்தது. மாம்பலத்திலிருந்து தி.நகருக்குப் போகும் மேட்லி சுரங்கப்பாதையைத் தினமும் கடந்திருக்கிறேன். அந்த மேட்லி, நூறு வருடத்துக்கு முன்னால் கீழ்ப்பாக்கம் வாட்டர் ஒர்க்ஸை உருவாக்கிய மாநகராட்சி இன்ஜினியராம். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுத்தவர் பெயரிலுள்ள சுரங்கப்பாதையில் நாலு தூறல் விழுந்தால் இடுப்பளவு தண்ணீர். இந்த ஊர் யாருக்கும் நன்றிக்கடனைச் சாதாரணமாகத் தீர்ப்பதில்லை.

இப்போது மேடவாக்கத்தில் அடுக்குமாடியில் இருக்கிறோம். சம்ப், மோட்டார், மாடியில் டேங்க். 2019 கோடையில் சம்ப்பே காய்ந்து, குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் லாரி முறைக்கு நடந்த சண்டையைப் பார்த்து அப்பா உற்சாகமாகிவிட்டார். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்து இறங்கியதை டிவியில் காட்டியபோது, ரயிலுக்கே பொட்டு வைக்கிறார்களே என்று என் மகள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. வேகனுக்கும் பைப்புக்கும் நடுவில் இணைப்பை எப்படிப் போடுகிறார்கள் என்று டிவிக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார். "வாசர் சரியில்ல, ஒழுவுது பாரு" என்றார்.

அவருக்கு இப்போது எண்பத்திரண்டு. முந்தாநாள் தூக்கம் வராமல் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். மூன்றரை இருக்கும். அப்பா சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்தார். என்னைப் பார்த்தாரா தெரியவில்லை. சமையலறை சிங்க்கில் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, விரல் நனையும் வரை வைத்திருந்தார். மூடினார். விரலை பனியனில் துடைத்துக்கொண்டு, "வருது" என்று அறையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.