அண்ணாந்து குடிக்கும் ஊர்

"வாய் வைக்காதே, அண்ணாந்து குடி!" அப்பத்தா அதட்டி அதட்டித்தான் செம்பில் தண்ணீர் குடிக்கப் பழகினேன். பாதி சட்டைக்குப் போகும். அந்தப் பழக்கம் ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாவில் கைகொடுக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

தாரகோனா மாகாணத்தில் வால்ஸ் என்ற ஊர். பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்ப்பவரின் தோட்டத்தில் விருந்து. திராட்சைக்கொடியில் கவாத்து செய்த சுள்ளிகளை எரித்து, கல்சோத் என்ற நீள வெங்காயத்தைத் தோல் கருகச் சுட்டு, கூரை ஓட்டில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். கருந்தோலை உருவிவிட்டு, பாதாமும் தக்காளியும் பூண்டும் காய்ந்த மிளகாயும் அரைத்த சாஸில் தோய்த்து, அண்ணாந்து அப்படியே வாய்க்குள் இறக்க வேண்டும். கையெல்லாம் கரி.

ஒயினுக்கு ஆளுக்கொரு டம்ளர் கிடையாது. மேசைக்கு ஒரு பொர்ரோ. நம் கெண்டியைக் கண்ணாடியில் செய்தது போல இருக்கும்: பருத்த வயிறு, பிடிக்கவும் நிரப்பவும் ஒரு கழுத்து, பக்கத்தில் நுனி சிறுத்த நீள மூக்கு. சாய்த்தால் கழுத்து வழியே காற்று உள்ளே போகும்; மூக்கிலிருந்து ஒயின் நூல் பிடித்தாற்போல் வரும். உதடு படாமல் குடித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

வாயை மூடாமல் விழுங்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் செம்புத் தண்ணீர் நேராக விழும், இது வளைந்து வருகிறது. முதல் வாய் மோவாய்க்குப் போனது. நிறுத்துவதும் தனி வித்தை. தயங்கித் தயங்கி நிமிர்த்தினால் கழுத்தெல்லாம் வழியும், மணிக்கட்டைச் சட்டென்று திருப்ப வேண்டும். இரண்டாம் சுற்றில் கையை நன்றாக நீட்டிக் குடித்தேன். விருந்து கொடுத்தவரின் அம்மா கைதட்டினார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். அப்பத்தா என்றேன்.

எச்சில் படக்கூடாது என்பதற்காகத்தான் எங்கள் வீட்டிலும் அண்ணாந்து குடித்தோம். ஆனால் அதே செம்பைச் சிலர் கையில் கொடுக்காமல், திண்ணைக்குக் கீழே நிற்க வைத்து உள்ளங்கையில் ஊற்றியதையும் பார்த்திருக்கிறேன். விருந்தன்று முழுக்க அது மனதைவிட்டுப் போகவில்லை. இங்கே உதடு படாததால்தான் ஒரே பாத்திரம் இருபது பேரிடமும் போய் வருகிறது. முன்பின் தெரியாத எனக்கும் அதே பொர்ரோதான்.

மூன்றாவது முறை என்னிடம் வந்தபோது அதன் கழுத்து முழுக்கக் கரி விரல் தடங்கள். அதன் மேலேயே பிடித்துக் குடித்தேன்.