முந்நூறு மீட்டர்கள், ஒரே கம்பி

மின்கம்பி வழியாகத் தகவல் அனுப்புகிற வேலை என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது, "எவ்வளவு ஸ்பீடு வரும்?" என்பதுதான். வேலைக்கு நேர்காணலுக்கு வருகிற பிள்ளைகளும் அதையேதான் கேட்பார்கள். சென்னை கிண்டியில் உட்கார்ந்துகொண்டு, ஸ்பெயினில் மாட்டப்படும், தானாகவே ரீடிங் அனுப்பும் ஸ்மார்ட் மின் மீட்டர்களுக்கான மென்பொருளில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அங்கே வேகம் எங்களுக்குத் தலைவலியாக இருந்ததே இல்லை. ஒரே கம்பியில் தொங்கும் முந்நூறு மீட்டர்களில் யார் பேசுவது, அந்த நேரத்தில் மற்றவர்களைப் பேசாமல் வைத்திருப்பது எப்படி என்பதுதான் முழுநேர வேலை.

ஸ்பெயினில் 2007-இல் ஓர் அரசாணை வந்தது. 15 கிலோவாட்டுக்கு உட்பட்ட இணைப்புகளின் பழைய மீட்டர்களை எல்லாம் 2018 முடிவதற்குள் மாற்றிவிட வேண்டும். இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட மீட்டர்கள். 2014-இல் வீடுகளுக்கு மணிக்கு மணி விலை மாறும் கட்டணமும் வந்துவிட்டதால், மாதம் ஒரு ரீடிங் எடுத்தால் போதாது, மணிக்கணக்கு வேண்டும். அங்கே ஏராளமான மீட்டர்கள் பேசும் முறைக்கு 'பிரைம்' என்று பெயர். தெருமுனை டிரான்ஸ்பார்மர் அறையில் மீட்டர்களின் கணக்கைத் திரட்டும் ஒரு கருவி, கான்சென்ட்ரேட்டர், உட்கார்ந்திருக்கும். அந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து கரன்ட் வாங்கும் மீட்டர்கள் எல்லாம் அதே கம்பியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் 3 முதல் 95 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டை மின்வாரியங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பிரைம் அதில் ஏறத்தாழ 42-லிருந்து 89 வரை எடுத்துக்கொண்டு, 97 துணை அலைகளில் தகவலைப் பிரித்து அனுப்பும். காகிதத்தில் நொடிக்கு 130 கிலோபிட் வரை போகும். பிழைதிருத்தத்தோடு நிதானமாகப் போனால் 21. ஒரு நாளின் 24 மணிக்கணக்கு எண்களை அனுப்ப அதுவே தாராளம்.

பேசுவதற்கு முன் கம்பியைக் கேட்டுப்பார், யாரும் பேசவில்லை என்றால் பேசு என்பது அடிப்படை விதி. படிக்கும்போது சுலபமாகத் தெரியும். ஆனால் மின்கம்பியில் எல்லோருடைய பேச்சும் எல்லோர் காதிலும் விழாது. ஸ்பெயின் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு மீட்டர் கிடையாது. கட்டடத்தின் எல்லா மீட்டர்களும் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் வரிசையாக இருக்கும். அந்த அறைக்குள் ஒருவர் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும். எதிர்த்தெருக் கட்டடத்து அறையில் பேசுவது கேட்காது. நடுவில் இருக்கும் கான்சென்ட்ரேட்டருக்கோ இரண்டுமே கேட்கும். இரண்டு அறையிலும் ஆளுக்கொரு மீட்டர் கம்பியைக் கேட்டுப்பார்த்து, அமைதியாக இருக்கிறது என்று நம்பி, ஒரே சமயத்தில் ஆரம்பிக்கும். விதிப்படி இரண்டின் மேலும் தவறில்லை. கான்சென்ட்ரேட்டருக்கு மட்டும் எதுவும் விளங்காது.

தூரத்து மீட்டரின் குரல் எட்டாதபோது, நடுவிலிருக்கும் ஒரு மீட்டருக்குப் பதவி உயர்வு கொடுத்து அதை 'ஸ்விட்ச்' ஆக்குவார்கள். அது மேலிருந்து வருவதைக் கீழே சொல்லும், கீழிருந்து வருவதை மேலே சொல்லும். இப்படிப் படிப்படியாக ஒரு மரம் உருவாகும். எங்கள் வாடிக்கையாளரான மின்நிறுவனத்தின் தரப்பிலிருந்து யார் வந்தாலும், "சிக்னல் வரலையா, இன்னும் ரெண்டு ஸ்விட்ச் போடுங்க" என்பார்கள். எனக்கு அதில் என்றுமே உடன்பாடு கிடையாது. ஒவ்வொரு ஸ்விட்சும் அதே சொல்லை அதே கம்பியில் இன்னொரு முறை சொல்கிறது. மூன்று படி தாண்டி ஒரு செய்தி போனால் கம்பிக்கு அது மூன்று செய்தி.

இதோடு 'உயிரோடு இருக்கிறாயா' என்று அவ்வப்போது விசாரிக்கும் செய்திகளும் உண்டு. எவ்வளவு நேரத்துக்குள் விசாரிப்பு வர வேண்டும் என்பதை 32 நொடியிலிருந்து 4,096 நொடிவரை, ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டிப்பாக, கான்சென்ட்ரேட்டர்தான் தீர்மானிக்கும். அதற்குள் விசாரிப்பு வராவிட்டால், தன்னைக் கழற்றிவிட்டார்கள் என்று மீட்டர் முடிவு செய்துகொண்டு மறுபடி பதிவு செய்யக் கிளம்பும். முந்நூறு மீட்டருக்கு 256 நொடி என்று வையுங்கள். நொடிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கேள்வியும் பதிலும். மூன்று படி என்றால் நொடிக்கு ஏழு செய்தி. வேலையே இன்னும் ஆரம்பிக்கவில்லை, நலம் விசாரிப்பு மட்டும்.

தெற்கு ஸ்பெயினில் ஒரு நடுத்தர ஊரிலிருந்து எங்களுக்கு வந்த புகார் இந்தப் புள்ளியில்தான் வந்து முட்டியது. பகலெல்லாம் நன்றாக இருக்கும் நெட்வொர்க், மாலையில் மொத்தமாகச் சரிந்து, நள்ளிரவு தாண்டித்தான் எழுந்திருக்கும். எல்லோரும் வந்து டிவி போடுகிறார்கள், சமைக்கிறார்கள், அந்த இரைச்சல் என்றே முதலில் பேச்சு. பல மாத லாக் கோப்புகளை எங்கள் குழுவில் ஓர் இளம்பெண் வரைபடமாகப் போட்டாள்.

"சார், விழற நேரத்தைப் பாருங்க. நவம்பர்ல ஆறரை. ஜூன்ல பத்து மணி. சமையல் நேரம் இப்படி நகருமா?"

நகராது. சூரியன் மறையும் நேரம்தான் நகரும். களத்தில் இருந்தவர்கள் போய்ப் பார்த்தபோது, அதே டிரான்ஸ்பார்மரில் புதிதாகப் போட்ட எல்இடி தெருவிளக்குகள் இருந்தன. அவை போட்ட இரைச்சல் பெரிதில்லை. அவற்றின் உள்ளே, இரைச்சலை வெளியே விடாமல் தடுக்க வைத்த கெபாசிட்டர்கள் எங்கள் அலைவரிசையை அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தன. விளக்குகள் எந்தத் தரவிதியையும் மீறவில்லை. அக்காலத் தரவிதிகள் பார்த்தது விளக்கு வெளியே விடும் இரைச்சலைத்தான். அடுத்தவர் அலையை அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கவில்லை.

ஆனால் அந்த விளக்குகளால் உண்மையில் காது அடைத்துப்போனது இரண்டு கட்டட அறைகளுக்கு மட்டுமே. மீதி இருநூறு சொச்சம் மீட்டர்களும் ஏன் விழுந்தன? அந்த அறைகளில் ஒன்றில் ஒரு ஸ்விட்ச் இருந்தது. அது போனதும் அதன் கீழிருந்தவை அநாதையாகின. ஒவ்வொன்றும், "எனக்கு யார் குரலும் கேட்கவில்லை, யாராவது கைகொடுங்கள்" என்று கூவத் தொடங்கின. அந்தக் கூவல் காதில் விழுந்த அக்கம்பக்கத்து மீட்டர்கள் ஆளாளுக்கு, "நான் ஸ்விட்ச் ஆகிறேன்" என்று கான்சென்ட்ரேட்டருக்கு மனுப் போட்டன. மனுக்கள் ஒன்றோடொன்று மோதின. மோதலில் நலம் விசாரிப்புச் செய்திகள் தொலைந்தன. அதுவரை நன்றாக இருந்த மீட்டர்களும் தாங்கள் கழற்றிவிடப்பட்டதாக நினைத்து அதே கூட்டத்தில் சேர்ந்தன. உதவி கேட்பதும் உதவ வருவதுமே நெட்வொர்க்கைக் கவிழ்த்துவிட்டன.

விளக்குக் கம்பத்துப் பேனலில் தடுப்பு ஃபில்டர் போடுவது நிரந்தர வைத்தியம். அதற்கு நகராட்சி, ஒப்பந்ததாரர், அனுமதி என்று மாதக்கணக்கில் ஆகும். மாட்டிய மீட்டரின் மென்பொருளையும் சும்மா மாற்ற முடியாது. புது மென்பொருளும் அதே நோஞ்சான் கம்பி வழியாகத்தான் துண்டு துண்டாகப் போய்ச் சேர வேண்டும். எங்கள் கைக்கு எட்டியது கான்சென்ட்ரேட்டர் மட்டும்.

நலம் விசாரிப்பு நேரத்தை 256-லிருந்து 2,048 நொடிக்கு ஏற்றினோம். வாடிக்கையாளர் தரப்பு உடனே ஒத்துக்கொள்ளவில்லை: ஒரு மீட்டர் செத்தால் அரை மணி நேரம் தெரியாமல் போகுமே என்றார்கள். தெரிந்தால் அரை மணிக்குள் யாரையாவது அனுப்புவீர்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை, அனுமதி வந்தது. பதவி உயர்வு மனுக்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல், ஒரு அறைக்கு ஒரு ஸ்விட்ச் போதும் என்று மற்றதை மறுக்கவைத்தோம். ரீடிங் கேட்பதையும் வகுப்பில் பேர் கூப்பிடுவதுபோல ஒவ்வொருவராக, அதிலும் பெரும்பகுதியை நள்ளிரவுக்குப் பிறகு என்று மாற்றினோம். மாலையில் அந்த இரண்டு அறைகள் அதற்குப் பிறகும் விழுந்தன. மற்றவை விழவில்லை. விழுந்தவற்றின் கணக்கும் மீட்டருக்குள்ளேயே பத்திரமாக இருந்ததால், விடிவதற்குள் வந்து சேர்ந்துவிட்டது.

ஒரு வேடிக்கை: வீட்டு உபயோகக் கருவிகளுக்கு ஒதுக்கிய 125–140 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் இந்த நாகரிகம் ஐரோப்பியத் தரத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் ஒரு நொடிக்கு மேல் தொடர்ந்து பேசக் கூடாது. பேசி முடித்தால் 125 மில்லிநொடி சும்மா இருக்க வேண்டும். மின்வாரியத்தின் சொந்தப் பட்டையில் இப்படி ஒரு கட்டாயம் இல்லை. உரிமையாளர் ஒருவர்தானே, தன் மீட்டர்களுக்குள் சண்டை வராது என்று நினைத்திருப்பார்கள் போல.

இப்போது ஐரோப்பிய மின்சந்தை கால்மணிக் கணக்குக்கு மாறிவிட்டது. 2025 அக்டோபர் முதல் மறுநாளைக்கான விலையே பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாகத்தான் வருகிறது. நாளைக்கு 96 எண்கள். இதே துறையில் இருக்கும் நண்பர்கள், மீட்டரையும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கச் சொல்லி உத்தரவு வரும், பழைய கம்பி தாங்குமா என்று கேட்கிறார்கள். 96 எண்களையும் இரவில் ஒரே தடவையில் வாங்கிக்கொண்டால் தாங்கும். 96 தடவை போய்க் கேட்டால் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.