ரூக்கி ரிசீவர்களை எடைபோட ஓர் எக்செல் ஷீட்: இதுவரை வந்த கதை

டைனஸ்டி லீக் ஆடாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஃபேன்டஸி ஃபுட்பால் என்பது நிஜ அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்து நாமே ஒரு கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி எடுக்கும் விளையாட்டு. சாதாரண ஃபேன்டஸியில் சீசன் முடிந்ததும் அணியைக் கலைத்துவிட்டு அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்குவோம். டைனஸ்டியில் கலைப்பது கிடையாது. எடுத்த ஆட்டக்காரர் ஓய்வு பெறும் வரையிலோ, நாமாக வேறு யாரிடமாவது தள்ளிவிடும் வரையிலோ நம்மிடமே இருப்பார். ஏப்ரல் கடைசியில் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் டிராஃப்ட், அதாவது அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைபோட்டு எடுப்பது, முடியும். மே மாதத்தில் எங்கள் லீக்கில் ரூக்கி (முதல் வருட ஆட்டக்காரர்) டிராஃப்ட். 12 அணிகள், நான்கு சுற்று. கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பையன்களில் யார் அடுத்த பத்து வருடத்துக்குத் தாங்குவார் என்று அங்கே முடிவு செய்ய வேண்டும். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்குகள் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறார்கள்; எறியும் பந்தைப் பிடிக்கும் நல்ல ரிசீவர் முப்பது தாண்டியும் ஓடுவார். போதாக்குறைக்கு எங்கள் லீக் பி.பி.ஆர்., அதாவது பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. அதனால் நான் மண்டையை உடைத்துக்கொள்வதெல்லாம் ரிசீவர்கள் மேலும், பந்து பிடிக்கும் இன்னொரு வகையான டைட் எண்டுகள் மேலும்தான்.

இதற்கென ஓர் எக்செல் ஷீட் வைத்திருக்கிறேன். முதல் வடிவம் ரொம்ப எளிமை: கல்லூரிக் கடைசி சீசனின் யார்டுகள் (பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம்), டச்டவுன்கள் (எதிரணியின் கடைசிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது), உயரம், எடை, காம்பைனில் (டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் சோதனையில்) 40 யார்டு ஓடிய நேரம். பழைய டிராஃப்ட்களின் ரிசீவர்களை அதில் போட்டு, என்.எஃப்.எல்.லில் பிறகு என்ன செய்தார்கள் என்று பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். முதலில் அடிவாங்கியது 40 யார்டு நேரம். 2024-இல் சேவியர் வொர்தி 4.21 நொடியில் ஓடினார், காம்பைன் சாதனை. கான்சாஸ் சிட்டி அணி 28-ஆவது தேர்வில் எடுத்தது. முதல் சீசனில் 638 யார்டு. அதே வருடம் ஜாக்சன்வில் 23-ஆவதாக எடுத்த பிரையன் தாமஸ் 1,282 யார்டு எடுத்தார். தாமஸும் ஒன்றும் ஆமை இல்லை, 4.33. ஆனால் ஆளைப் பிரித்துக் காட்டியது அந்த 0.12 நொடி இல்லை என்பது தெளிவு. இப்போது ஷீட்டில் அந்தப் பத்தியை (காலத்தை) மிகவும் மெதுவானவர்களை வடிகட்ட மட்டும் வைத்திருக்கிறேன்.

அடுத்து சேர்த்தது பங்கு. ஓர் ஆட்டக்காரர் எத்தனை யார்டு எடுத்தார் என்று கேட்காமல், அவர் அணி பந்தை எறிந்து எடுத்த மொத்த பாஸிங் யார்டுகளில் அவருடையது எத்தனை சதவீதம் என்று கேட்பது. டைனஸ்டி ஆடுகிறவர்கள் டச்டவுன் பங்கையும் சேர்த்துச் சராசரி எடுத்து 'டாமினேட்டர்' என்பார்கள். யோசனை நல்லதுதான்: ஆட்டத்துக்கு ஐம்பது முறை பந்தை எறியும் அணியில் ஆயிரம் யார்டு எடுப்பதும், இருபது முறை எறியும் அணியில் எடுப்பதும் ஒன்றாகாது.

இந்தப் பத்தியை நிரப்பும்போது ஒரு வரிசையில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ஜஸ்டின் ஜெஃபர்சன், எல்.எஸ்.யு. கல்லூரி. 2019-இல் அவர் 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச்டவுன். அந்த வருடம் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ எறிந்தது 5,671 யார்டு. பங்கு சுமார் 27 சதவீதம். அதற்கு முந்தைய வருடம், 2018-இல், ஜெஃபர்சன் எடுத்தது 875 யார்டுதான். ஆனால் பர்ரோ எறிந்ததே 2,894. பங்கு 30 சதவீதம். ஆக, யார்டுகள் ஏறக்குறைய இரண்டு மடங்காகின, பங்கோ இறங்கிவிட்டது! காரணம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. 2019-இல் மறுபக்கம் ஆடியவர் ஜமார் சேஸ்: 1,780 யார்டு, 20 டச்டவுன், வயது 19. மூன்றாவது ரிசீவர் டெரஸ் மார்ஷல் 13 டச்டவுன். அவரும் பிறகு இரண்டாம் சுற்றில் போனார். இப்படிப்பட்ட கூட்டத்தில் 27 சதவீதம் என்பது சாதாரண அணியில் 40-க்குச் சமம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். 40 என்பது என் ஊகம், எந்தச் சூத்திரமும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து பங்குப் பத்திக்குப் பக்கத்தில் 'கூட ஆடியவர்கள்' என்று இன்னொரு பத்தி இருக்கிறது. அதில் எண் போடுவதில்லை, பெயர்களும் அவர்கள் எந்தச் சுற்றில் போனார்கள் என்பதும் மட்டும்.

சரி, வயதுக்கு வருவோம். 'பிரேக்அவுட் ஏஜ்' என்று சொல்வார்கள்: ஓர் ஆள் எந்த வயதில் முதல்முறையாக அணியில் பெரிய பங்கு எடுத்தார் என்பது. 19 வயதில் 22 வயதுக்காரர்களை ஏய்த்தவன் என்.எஃப்.எல்.லிலும் ஏய்ப்பான் என்பது கணக்கு. சேவியர் லெகெட்டை இது நன்றாகவே பிடித்தது. சவுத் கரோலினா கல்லூரியில் ஐந்தாவது வருடம்தான் அவர் வெடித்தார், 1,255 யார்டு. அதற்கு முந்தைய நான்கு வருடங்களில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. 2024-இல் என்.எஃப்.எல்.லின் கரோலினா அணி முதல் சுற்றின் கடைசித் தேர்வில் எடுத்தது. முதல் சீசன் 497 யார்டு.

ஆனால் இதே வயதுக் கணக்கு 2020-இல் ஜேலன் ரேகரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கும். டி.சி.யு. கல்லூரியில் 19 வயதில் 1,061 யார்டு. அடுத்த வருடம் 611-ஆகச் சரிந்தார் என்றாலும், வயதுப் பத்திக்கு அது தெரியாது. ஒருமுறை வெடித்தால் போதும், பச்சை நிறம் காட்டிவிடும். பிலடெல்ஃபியா 21-ஆவதாக ரேகரை எடுத்தது, அடுத்த தேர்விலேயே மினசோட்டா ஜெஃபர்சனை எடுத்தது. ஜெஃபர்சன் முதல் வருடமே 1,400 யார்டு. பிலடெல்ஃபியா ரசிகர்களிடம் இன்றைக்கும் இந்தப் பேச்சை எடுக்க முடியாது. ஜெஃபர்சன் ஸ்லாட்டில், அதாவது உள்பக்கம் நின்று ஆடியவர், வெளிப்பக்கம் தாங்குவாரா என்று அப்போது சந்தேகப்பட்டார்கள். 40 யார்டு ஓட்டத்திலோ ரேகரைவிட அவர்தான் வேகம்: 4.43-க்கு 4.47. இந்த இருவரையும் அருகருகே போட்டு என் ஷீட்டால் பிரிக்க முடிகிறதா என்பதைத்தான் ஒவ்வொரு புதிய பத்திக்கும் சோதனையாக வைத்திருக்கிறேன். இதுவரை பிரித்தது ஒன்றுதான்: கடைசி இரண்டு சீசன்களில் யார்டுகளின் போக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதற்குக் கீழே ஓர் உதாரணம் வருகிறது.

இவ்வளவு பத்திகளையும் தாண்டி, தனியாக நின்று அதிகம் சரியாகச் சொன்னது எது என்றால் டிராஃப்ட் இடம்தான். எந்தச் சுற்றில், எத்தனையாவதாக ஓர் அணி எடுத்தது என்பது. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் யோசித்தால் நியாயம். என்.எஃப்.எல். அணிகளிடம் மருத்துவ அறிக்கை இருக்கிறது, நேர்காணல் இருக்கிறது, கல்லூரிப் பயிற்சியாளர்களிடம் பேசி வாங்கிய தகவல் இருக்கிறது. இதில் எதுவும் என் எக்செல்லுக்கு வராது. இன்னொன்று, முதல் சுற்றில் எடுத்தவரை அணி சும்மா விடாது. நான்கு வருட ஒப்பந்தம், அதற்குமேல் ஐந்தாவது வருடத்துக்கான உரிமையும் அணியிடம். கொடுத்த காசுக்கு ஆடவைத்தே தீருவார்கள். நான்காம் சுற்று ஆளுக்கு இரண்டு பந்து நழுவினால் பெஞ்ச்.

விதிவிலக்குகள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆமன்-ரா செயின்ட் பிரவுன் 2021-இல் 112-ஆவது. தனக்கு முன்னால் போன 16 ரிசீவர்களின் பெயரையும் வரிசையாக ஒப்பிப்பார். புக்கா நக்குவா 2023-இல் ஐந்தாம் சுற்று, 177-ஆவது. முதல் சீசனில் 105 கேட்ச், 1,486 யார்டு, இரண்டும் அன்றைக்கு ரூக்கி சாதனை. நக்குவாவை என் ஷீட் பிடித்திருக்குமா? இருக்காது. பி.ஒய்.யு. கல்லூரியில் காயத்தால் ஆட்டங்களைத் தவறவிட்டதால் மொத்தக் கணக்கு சின்னதாக இருந்தது. அவரை எடுத்த ராம்ஸ் அணியில் சீசன் தொடங்கியபோது முன்னணி ரிசீவர் கூப்பர் கப் காயத்தில் இருந்தார், இடம் காலியாக இருந்தது. இரண்டாவது ஆட்டத்திலேயே 15 கேட்ச். இப்படி ஒருவரைப் பார்த்துவிட்டு வருடா வருடம் ஐந்தாம் சுற்றில் இன்னொரு நக்குவாவைத் தேடுபவர்கள் எங்கள் லீக்கில் இருவர் உண்டு. அவர்கள் தேடட்டும். நமக்கு நல்லதுதான், முதல் இரண்டு சுற்று ஆட்கள் நம் பக்கம் நழுவுவார்கள்.

அப்படியானால் மீதிப் பத்திகள் எதற்கு? முட்டுச்சந்தில் நிற்கும்போது உதவுகின்றன. 2023 டிராஃப்டில் 20, 21, 22, 23 என்று வரிசையாக நான்கு ரிசீவர்கள் போனார்கள்: ஜாக்சன் ஸ்மித்-இஞ்சிக்பா சியாட்டிலுக்கு, குவென்டின் ஜான்ஸ்டன் சார்ஜர்ஸுக்கு, ஸே ஃபிளவர்ஸ் பால்டிமோருக்கு, ஜோர்டன் அடிசன் மினசோட்டாவுக்கு. டிராஃப்ட் இடம் இவர்களைப் பிரிக்காது. ஸ்மித்-இஞ்சிக்பாவின் வரிசையைப் பாருங்கள். ஒஹாயோ ஸ்டேட்டில் 2021-இல், 19 வயதில், 1,606 யார்டு. குவார்ட்டர்பேக் ஸ்ட்ரவுட் எறிந்த 4,435-இல் 36 சதவீதம். கூட ஆடியவர்கள் கேரட் வில்சன், கிறிஸ் ஓலாவே. இருவரும் அடுத்த டிராஃப்டில் 10, 11 என்று போனவர்கள். அதாவது அணியின் மூன்று முதல் சுற்று ரிசீவர்களில் வயதில் சின்னவர்தான் அதிகம் எடுத்தார். 2022-இல் தொடைத் தசைக் காயம், மொத்தமே ஐந்து கேட்ச். கடைசி சீசனை மட்டும் பார்க்கும் ஷீட்டில் இவர் காணாமல் போய்விடுவார். 'போக்கு' பத்தியும் சிவப்பு காட்டும். அதனால் இப்போது காயம் என்று குறித்த சீசனை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன். என்.எஃப்.எல்.லில் முதல் வருடம் 628 யார்டு. டைனஸ்டியில் அவர் விலை இறங்கியது. இரண்டாம் வருடம் சரியாக 100 கேட்ச், 1,130 யார்டு.

இந்த இறக்கம்தான் டைனஸ்டியில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ரூக்கி டிராஃப்ட் நாளில் எல்லாருக்கும் ஆசை உச்சத்தில் இருக்கும், ஒரு தேர்வைக்கூட மலிவாக வாங்க முடியாது. முதல் சீசன் சொதப்பியதும் அதே ஆட்கள் வந்த விலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள். முதல் சுற்று இடம், இளம் வயதில் பெரிய பங்கு, முதல் வருடம் சுமார்: இந்த மூன்றும் சேர்ந்தால் ஷீட் மஞ்சள் நிறம் காட்டும்படி எழுதியிருக்கிறேன். டைட் எண்டுகளில் இது இன்னும் பலிக்கும். அவர்கள் பந்து பிடிப்பதோடு லைனில் நின்று தடுக்கவும் கற்க வேண்டும், அதனால் தாமதமாகும். டிரே மெக்பிரைட் 2022-இல் இரண்டாம் சுற்று; யார்டுகள் 265, அடுத்து 825, அடுத்து 1,146. வந்ததும் வெளுத்துவாங்கியவர்களும் உண்டு. சாம் லபோர்டா 86 கேட்ச், அடுத்த வருடமே பிராக் பவர்ஸ் 112. அவர்களைப் பார்த்து மற்றவர்களை முதல் வருடத்தோடு கைகழுவினால் நஷ்டம் கைகழுவியவருக்குத்தான்.

வீடியோ பார்ப்பதை நான் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம், ஹைலைட்டில் எல்லாரும் பழம்பெரும் ரிசீவர் ஜெர்ரி ரைஸ் மாதிரிதான் தெரிவார்கள். ஆனால் லாட் மெக்காங்கி விஷயத்தில் ஷீட்டைவிட வீடியோதான் பேசியது. ஜார்ஜியாவில் 2023-இல் காயத்தோடு 478 யார்டு. பந்தில் பெரும்பங்கு அதே அணியில் ஆடிய, மேலே சொன்ன பிராக் பவர்ஸுக்கு. எண்கள் மோசம். முழு ஆட்டங்களைப் போட்டு, பந்து அவர் பக்கம் வராத முறைகளையும் பார்த்தேன். முழு வேகத்தில் போய்க்கொண்டிருப்பவர் இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு மூன்று எட்டில் நின்று, உள்ளே திரும்பிவிடுகிறார். காவலுக்கு வந்த கார்னர்பேக் இன்னும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறார். இடைவெளி கண்ணால் அளக்கும் அளவுக்கு இருக்கிறது. சார்ஜர்ஸ் 2024 மார்ச்சில்தான் தன் ரிசீவர்களில் கீனன் ஆலனை டிரேட் செய்து, மைக் வில்லியம்ஸையும் விடுவித்திருந்தது. 34-ஆவதாக மெக்காங்கியை எடுத்தார்கள். முதல் சீசன் 1,149 யார்டு.

இப்போது பங்கை மொத்த சீசனுக்குப் பதில், அவர் ஆடிய ஆட்டங்களுக்கு மட்டும் கணக்கிடும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். நக்குவா, மெக்காங்கி மாதிரி காயக்காரர்களுக்கு இது நியாயம் செய்யும். ஆட்டவாரிக் கணக்கைக் கையால் தட்ட வேண்டியிருப்பதால் மெதுவாக நகர்கிறது. நடுவில் ஒரு மஞ்சள் வரிசைக்காரரை வைத்திருக்கும் அணியிடம் என் 1.09, அதாவது முதல் சுற்றின் ஒன்பதாவது தேர்வை, நீட்டியிருக்கிறேன். அந்த அணிக்காரர் அதற்குமேல் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும் வேண்டும் என்கிறார். கொடுத்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இந்த வாரம் பதில் சொல்லப்போவதில்லை.