ஓர் 'எச்' கூடிப்போன கதை

மூன்று வருட டிப்ளோமா முடித்து, தாதியர் பேரவையில் பதிந்து, திருகோணமலையில் ஆறு வருடம் வார்டில் நின்ற பிறகுதான் தாதியப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தேன். விண்ணப்பம், கட்டணம், நேர்முகம் எல்லாம் சுமுகமாகவே முடிந்தன. பதிவு நாளில்தான் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு நைட் டியூட்டியைத் தோழியிடம் மாற்றிவிட்டு இரவு ரயில் ஏறினேன். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் முகம் கழுவி, பல்கலைக்கழகத்தில் வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனால், அங்கிருந்தவர் அடையாள அட்டையையும் டிப்ளோமா சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எழுத்தெழுத்தாகப் பார்த்தார். "இது ரெண்டு ஆளாச்சே" என்றார் சிங்களத்தில், சிரிக்காமல். சான்றிதழில் என் பெயருக்கு ஆங்கிலத்தில் ஓர் 'எச்' கூடியிருந்தது. ஆறு வருடமாக அலமாரியில் வைத்திருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு பெயரும் என்னுடையதே என்று சத்தியம் செய்து எழுதிய சத்தியக் கடதாசி (அஃபிடவிட்) இல்லாமல் பதிய முடியாதாம். அனுப்பிய கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "தெரிஞ்சிருக்கணும்" என்று பதில்.

பஸ்ஸில் திரும்பி வந்து, சமாதான நீதவான் ஒருவரிடம் போனேன். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதே என்று எழுதி ஒப்பமிட்டுத் தர அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அதற்குத்தான் அந்த அலைச்சல்! ஆகவே, சான்றிதழ் கையில் கிடைக்கும் அன்றே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இரண்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சத்தியக் கடதாசி எடுத்தால், உறுதிப்படுத்திய நகல் நாலைந்தாவது கையில் இருக்கட்டும். உயர்தரத்தில் உயிரியல் படித்து, பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளி கைகொடுத்து நேரே கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தாதியப் பட்டத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

படிப்பு தொடங்கியதும் அடுத்த அடி, தாதியக் கோட்பாடுகள். முதல் ஒப்படைக்கு அமெரிக்கத் தாதியக் கோட்பாட்டாளர் டொரோதியா ஓரெமை எடுத்தேன். 1971இல் வந்த அவரது புத்தகத்தின் வரைவிலக்கணங்களை அழகாக அடுக்கி அனுப்பினேன். சிவப்பு மையில் ஒரே வரியோடு திரும்பி வந்தது: "நோயாளி எங்கே?"

கோபம்தான். ஆனால் அடுத்த நாள் வார்டில் சர்க்கரைப் புண்ணோடு ஒரு மீன்பிடிக்கார ஐயாவுக்கு டிரெசிங் செய்துகொண்டிருந்தேன். தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "மிஸி, நோவே இல்லயே, பிறகு என்னத்துக்குப் பாக்கிறது?" என்றார். நோவு தெரியாததால்தானே பார்க்க வேண்டும்! குனிந்து பார்க்கவும் அவருக்கு முடியவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்து, அதற்கு மேலே காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். ஓரத்தில் கிளிஞ்சல் கீறியிருந்ததை அவரே கண்டார். "இது எப்ப வந்தது?" என்று என்னையே கேட்டார்.

ஓரெம் சொல்வதும் இதைத்தான். ஒருவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வதில் எது முடியும், எது முடியாது, அந்தக் குறையை யார் நிரப்புவது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். டிரெசிங் எங்கள் வேலை. கண்ணாடி அவர் வேலை. அவருக்குக் கண் மங்கும் நாளில் மகளின் வேலை. வெறுங்காலோடு கரையில் நடக்காமல் இருக்கச் சொல்லிப் பழக்குவது எங்கள் பாடு. கடைசியில் சொன்னது மட்டும் இன்னும் சரிவரவில்லை. செருப்புப் போட்டு வலை இழுக்க ஏலாதாம்.

இரண்டாம் முறை அதையே எழுதினேன், வரைவிலக்கணம் அரைப் பக்கம்தான். ஒப்படை ஏற்கப்பட்டது. உங்களுக்கு என் யோசனை: கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு நோயாளியைத் தேடாதீர்கள். வார்டில் உங்களைத் தொந்தரவு செய்யும் ஒரு கட்டிலை முதலில் தெரிவு செய்யுங்கள். ஹென்டர்சன் என்ற கோட்பாட்டாளர் சொன்ன நோயாளியின் 14 அடிப்படைத் தேவைகளா, நைட்டிங்கேல் வலியுறுத்திய காற்றும் வெளிச்சமுமா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

இப்போது பட்டச் சான்றிதழுக்கான படிவம் வந்திருக்கிறது. பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டுமாம். சத்தியக் கடதாசியின் நகல் இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது.