தம்பிக்கு மஞ்சள்காமாலை

2025 மே 9

நாலு நாளாகத் தம்பிக்குக் காய்ச்சல், ஓங்கரிப்பு. சோற்று வாசனையே ஆகவில்லை. பனடோல் காய்ச்சல் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். இன்று காலை தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவும்போதுதான் அம்மா பார்த்தார். கண்வெள்ளை மஞ்சள். மூத்திரம் சாயத் தண்ணீர் மாதிரி போகிறதாம், பயலுக்குச் சொல்லக் கூச்சம்.

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மாமாவும் காமாலையில்தான் போனார். ஆறு வருடமாகிறது. வயிறு உப்பி, கால் வீங்கி, கடைசியில் ரத்தமாக வாந்தி எடுத்தார். "அதே வியாதிதான்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாயி கீழாநெல்லி தேடித் தேயிலை மலைக்குள் போய்விட்டார்.

மே 10

பஸ் பிடித்து ஹட்டன் வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். பனடோலைத் தானாக எடுக்கக்கூடாது, நாட்டு மருந்தும் இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். வீங்கிக் கிடக்கும் ஈரல்தான் அத்தனையையும் அரைத்துத் தள்ள வேண்டுமாம். அப்பாயிக்கு மனவருத்தம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், கஞ்சி நீங்கள்தான் வைக்க வேண்டும் என்று.

மே 12

வந்திருப்பது ஏ வகை ஹெப்பட்டைட்டிஸ், வைரஸால் ஈரல் வீங்கும் நோய். ஈரல் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று காட்டும் எஸ்.ஜி.பி.டி. 1,640. சாதாரணமாக ஐம்பதுக்குள் இருக்கவேண்டியது என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டர் பயப்படவில்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். நன்றாக இருப்பதால் ஈரல் வேலை செய்கிறது என்றார்.

மாமாவின் கதையை அம்மா சொன்னார். டாக்டர் நிதானமாக விளக்கினார். காமாலை என்பது நோயின் பெயரே இல்லை, ஈரல் பழுதானால் தெரியும் நிறம். ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து வைரஸ்கள் இருக்கின்றன. ஏ, ஈ இரண்டும் தண்ணீர், சாப்பாட்டு வழியாக வரும். ஏ வந்து போய்விடும், உடம்பில் தங்காது. பி, சி ரத்த வழியாகப் பரவும், பி உடலுறவாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் தொற்றும். இவை இரண்டும் பல வருடம் சத்தமில்லாமல் இருந்து ஈரலைச் சுருக்கிவிடும், புற்றுநோயிலும் கொண்டுபோய் விடலாம். சி வகையை எட்டு முதல் பன்னிரண்டு வார மாத்திரையில் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். பி-யை அடியோடு அழிப்பது அரிது, ஆனால் தினம் ஒரு மாத்திரையால் அடக்கி வைக்கலாம்.

ஏ வகைக்கென்று தனி மருந்து கிடையாது. ஓய்வு, தண்ணீர், பிடித்த சாப்பாடு. எண்ணெயை முழுவதும் தள்ளும் பத்தியமும் தேவையில்லை.

மே 14

சொன்ன அபாயக் குறிகளை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்: நில்லாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், பகலில் தூங்கி இரவில் விழிப்பது, பேச்சில் தடுமாற்றம். இதில் ஒன்று வந்தாலும் உடனே ஓட வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு எழுப்பி, "இன்னைக்கு என்ன கிழமைடா?" என்றேன். "புதன் முடிஞ்சு வியாழன் பொறந்துருச்சு, தூங்கவிடு அக்கா" என்றான். அதன்பிறகுதான் நானும் படுத்தேன்.

மே 18

உடம்பில் நுழைந்து சுமார் நான்கு வாரம் கழித்துத்தான் இது வெளியே தெரியுமாம். எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் நடுவில் கோயில் திருவிழா, ஐஸ் போட்ட சர்பத்து. அதே வாரம் பெய்த மழையில் பீலிக்கு வரும் குழாயும் உடைந்து, சேற்றுத் தண்ணீர் வந்தது. எது என்று தெரியவில்லை. கண் மஞ்சளாவதற்கு முந்திய இரண்டு வாரத்தில்தான் மலம் வழியாகக் கிருமி அதிகம் வெளியேறுமாம். அப்படியென்றால் நாங்கள் தட்டைத் தனியாக்கும் முன்பே எல்லாம் நடந்துவிட்டது. லயத்தில் வீடு வீடாகப் போய், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கக்கூஸ் போய்வந்தால் சவர்க்காரம் போடுங்கள் என்று சொல்லி வந்தேன்.

மே 29

கண் வெளுத்துவிட்டது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். அப்பாயி அழுதுவிட்டார்.

ஜூன் 1

மாமா குடித்ததால்தான் செத்தார் என்று தோட்டமே சொன்னது. நானும் நம்பினேன். எந்த வைரஸாவது இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. மாமா மகள், என் மதினி, இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பிறக்கும்போது பி தொற்றும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நிலைத்துவிடும். தாய்க்கு இருப்பது முன்பே தெரிந்தால் பிறந்து 24 மணி நேரத்துக்குள் ஊசி போட்டுக் காப்பாற்றலாம். இலங்கையில் குழந்தைகளுக்கான பி தடுப்பூசி 2003இல்தான் வந்தது. தம்பியின் அட்டையில் இருக்கிறது. எனக்கும் மதினிக்கும் இல்லை.

ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னதும் மதினி முகம் கறுத்தது. "எங்கப்பாவ இன்னுமா பேசுறீங்க?" என்றார். வெகுநேரம் பக்கத்திலேயே இருந்தேன். அப்புறம், "நீயும் குடுத்தாத்தான் நானும் ரத்தம் குடுப்பேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.