காரணம் எழுதும் கட்டம்

2024 ஜூலையில் வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த காஜிப்பூரில் ஒரு பனியன் தொழிற்சாலையில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். திருப்பூரில் பார்த்த அதே வேலைதான். தையல் லைனில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் வடக்கே ரங்பூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அரசு வேலையில் 1971 விடுதலைப் போர் வீரர்களின் வாரிசுகளுக்கு 30 சதவீத ஒதுக்கீட்டை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் மறுபடி கொண்டுவந்ததில் தொடங்கியது மாணவர் போராட்டம். வீரர்களின் பேரன்களுக்குக் கொடுக்காமல் ராஜாகார்களின் பேரன்களுக்கா கொடுப்பது என்று ஜூலை 14 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா கேட்டார். 1971இல் பாகிஸ்தான் படைக்குத் துணைபோனவர்களைச் சொல்லும் சொல் அது. அந்த மண்ணில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அன்றிரவே டாக்கா பல்கலைக்கழக மாணவர்கள் அந்த வசவையே முழக்கமாக்கித் தெருவில் இறங்கினார்கள்.

16ஆம் தேதி ரங்பூரில் அபு சயீது என்ற மாணவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு போலீஸுக்கு எதிரே நின்றார். சுட்டார்கள். அந்த வீடியோ எங்கள் லைனில் எல்லோர் போனிலும் இருந்தது. தங்கள் ஊர்ப் பையன் என்று பெண்கள் அழுதார்கள். போலீஸ் பதிந்த வழக்கிலோ, போராட்டக்காரர்கள் கல்லெறிந்ததாகவும் ஒரு மாணவர் விழுந்ததாகவும்தான் இருந்தது. சுட்டது யார் என்று இல்லை.

18ஆம் தேதி இரவு இணையம் போனது. டாக்காவின் மஹாகாலியில் டேட்டா சென்டர் எரிந்துவிட்டது என்றது அரசு. மறுநாள் நள்ளிரவு ஊரடங்கு, தெருவில் ராணுவம். தொழிற்சாலைக்குப் பூட்டு. அறையில் உட்கார்ந்துகொண்டு, தேதி தள்ளிப்போகும் ஷிப்மென்டைத்தான் நான் அதிகம் நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது.

24ஆம் தேதி திறந்தார்கள். சரக்கு வாங்கும் பையருக்குத் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். 'தவிர்க்க முடியாத சூழ்நிலை' என்று எழுதினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. சுடாமல் இருந்திருக்கலாம். அது தவிர்க்க முடிந்த ஒன்று.

எங்கள் லைனில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஒரு ஆபா நான்கு நாள் கழித்து வந்தார். அங்கே எந்தப் பெண்ணையும் ஆபா, அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். வராத நாளுக்கு ஹாஜிரா போனஸ், அதாவது வருகைக்கான போனஸ், போய்விடும். லீவுத் தாள் எழுதிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள் என்று என்னிடம் கொண்டுவந்தார்.

"காரணம் என்ன ஆபா?"

உத்தராவில் கடையில் வேலை செய்யும் தம்பிக்கு முகமெல்லாம் துப்பாக்கி ரவை. ஒரு கண் போய்விட்டது. குரல் இறக்கித்தான் சொன்னார்.

"காய்ச்சல்னு போடுங்க சார். ஆஸ்பத்திரியில போலீஸ் வந்து பேர் விசாரிக்குது."

காய்ச்சல் என்றே எழுதினேன்.

ஆகஸ்ட் 5 அன்று லட்சக்கணக்கில் ஜனங்கள் டாக்காவுக்குள் நடந்தார்கள். ஹசீனா ராணுவ விமானத்தில் இந்தியாவுக்குப் போனார். அதற்கு முந்தைய ஒரே நாளில் தொண்ணூறு பேருக்கு மேல் செத்திருந்தார்கள். அந்த ஆறு வாரங்களில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம், அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் குழந்தைகள் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பின்னால் கணக்கிட்டது. எண்ணிக்கையைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது ஆபாவின் தம்பி. அந்தக் கணக்கில் அவன் வரமாட்டான், உயிரோடு இருக்கிறான்.

ஆகஸ்ட் கடைசியில் ஆபா மறுபடி என் மேஜைக்கு வந்தார்.

"அந்தத் தாளை மாத்தணும் சார். போனஸுக்காக இல்ல."

பழைய தாள் ஃபைலில் ஏறிவிட்டது, எடுக்க முடியாது என்றார் கிளார்க். புதுத் தாள் ஒன்று வாங்கினேன். காரணம் என்ற கட்டத்துக்கு நேரே, தம்பியைப் போலீஸ் சுட்டது என்று வங்காளத்தில் ஆபாவே எழுதினார். எழுத்துக்கூட்டி எழுத நேரம் பிடித்தது. கிளார்க் அதைப் பழைய தாளின்மேல் வைத்துப் பின் அடித்தார்.