அடை வைத்த 11 முட்டை

திண்டுக்கல் பக்கம் எங்கள் வீட்டில் பரம்பரையாக இருப்பவை சிறுவிடைக் கோழிகள். முட்டை சின்னதாக, சந்தன வெள்ளையில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். போன வருஷம் இவற்றோடு இரண்டு கிராமப்பிரியா பெட்டைகளையும் வாங்கி விட்டேன். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய ரகம். நல்ல பழுப்பில் பெரிய முட்டை, ஆனால் அடை கிடக்கிற வழக்கமே இல்லை. முட்டை கேட்டு வருகிறவர்கள் பழுப்பைத்தான் "நாட்டு முட்டை" என்று தேடி எடுத்தார்கள். அசல் நாட்டுக்கோழி இட்டது பக்கத்திலேயே வெளுத்துக் கிடந்தது!

இரண்டையும் கலந்தால் மகள் என்ன நிறத்தில் முட்டையிடும் என்று நோட்டுப் போட்டு எழுதிப் பார்க்கத் தோன்றியது. சேவல் சிறுவிடைதான். அம்மா மட்டும், "பழுப்பு முட்டையில பொரிக்கிறது பழுப்பு முட்டைதான்டா போடும், இதுக்கு எதுக்கு நோட்டு?" என்றார். சேவலுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு என்றேன். "சேவலா முட்டை போடுது?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தை 10, சாயங்காலம். கூடையில் மணல், மேலே வைக்கோல். பழுப்பு 5, வெள்ளை 6, எல்லாவற்றிலும் பென்சிலால் எண். இடிக்குக் காவலாக ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் அம்மா வைத்தார். தை மாதத்தில் என்ன இடி என்று நான் கேட்கவில்லை.

காத்திருக்கும் நாட்களில் சும்மா இருக்க முடியாமல் ஒரு பழுப்பு முட்டையை வினிகரில் கொஞ்ச நேரம் போட்டுத் தேய்த்தேன். சாயம் மாதிரி வழிந்து வந்தது, அடியில் வெள்ளை ஓடு. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. புரோட்டோபார்ஃபிரின் என்ற பழுப்பு நிறமி கடைசிச் சில மணி நேரத்தில்தான் மேலே படிகிறது. சிலி நாட்டு அரௌகானா கோழியின் நீல முட்டை வேறு கதை. அதில் நிறம் ஓடு முழுக்க ஊறியிருக்கும், உடைத்தால் உள்பக்கமும் நீலம். எதுவானாலும் ஓடு முழுக்கத் தாயின் வேலை. உள்ளே இருக்கும் குஞ்சுக்கும் அந்த நிறத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. சேவல் கொடுத்தது என்ன என்பது, மகள் வளர்ந்து முட்டையிட்டால்தான் தெரியும்.

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளையில் சிலந்தி மாதிரி நரம்புகள் பளிச்சென்று தெரிந்தன. பழுப்பில் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பழுப்பும் ஒரு வெள்ளையும் கூமுட்டை, எடுத்துவிட்டேன். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கூடையைத் தொடவில்லை.

இருபதாம் நாள் ராத்திரி கீச்சுச் சத்தம் கேட்டது. குஞ்சு வர வர, ஓட்டின் நிறம் பார்த்துக் காலில் நூல் கட்டுவதாகத் திட்டம்: பழுப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்குப் பச்சை. அடைக்கோழி கொத்தியதில் புறங்கையில் மூன்று இடத்தில் ரத்தம். ஒரு மணிக்கு மேல் தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் இரண்டு குஞ்சுகள் காய்ந்து பஞ்சாக நிற்கின்றன, பக்கத்தில் ஒரு பழுப்பு ஓடு, ஒரு வெள்ளை ஓடு. எது எதிலிருந்து வந்தது? நூல் கட்டாமல் விட்டேன்.

மொத்தம் பொரித்தது 7. சிவப்பு நூல் 3, பச்சை 2, நூல் இல்லாதவை 2. ஏழாம் நாள் கண்ணில் லசோட்டா தடுப்பு மருந்தைச் சொட்டு விட்டதால் வெள்ளைக்கழிச்சல் நோய் எட்டிப் பார்க்கவில்லை. காக்காய்க்கு மருந்து ஏது? பஞ்சாரத்தைத் திறந்த மூன்றாம் நாளே சிவப்பு நூலில் ஒன்று போனது. மிச்சத்தில் பச்சை நூல் இரண்டும் சேவல். ஒரு சிவப்பு நூலும் நூல் இல்லாத ஒன்றும் சேவலாகிவிட, கையில் நின்றவை இரண்டே வெடைகள்: சிவப்பு நூல் ஒன்று, நூல் இல்லாதது ஒன்று.

ஆவணி பிறந்து இரண்டு வாரம் கழித்துச் சிவப்பு நூல்காரி முதல் முட்டையிட்டது. பழுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, பால் தூக்கலான டீயின் நிறம். தாய் முட்டையையும் சிறுவிடை முட்டையையும் இரு பக்கம் வைத்து அம்மாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பால் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

பத்து நாள் கழித்து நூல் இல்லாததும் இட்டது. அதே டீ நிறம். அன்று ராத்திரி பழுப்பு ஓட்டிலிருந்து வந்தது இதுதான் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.